ஒன்பதாம் நம்பர் வரவேண்டாம்

டீ வேண்டாங்க்கா. கோபமெல்லாம் ஒண்ணும் இல்லை, கோபம் இருந்தால் உங்கள் வாசற்படி ஏறுவேனா? நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும், அதான். சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க, அரை டம்ளர் கொடுங்க. பாப்பாவுக்கு வேண்டாம். குடித்தால் பஸ்ஸில் கக்கிவிடுவாள்.

என்னை அடையாளம் தெரியலை இல்லையா? எப்படித் தெரியும். ஆவாரங்குளம் மைக் தவசி இருக்கிறாரே, அவருடைய வீட்டுக்காரி. பார்த்தீங்களா, முகம் மாறுது. பயப்படாதீங்கக்கா, அவர் அனுப்பி நான் வரலை. வந்தது தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார். திண்டுக்கல்லில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வர்றேன்னு சொல்லிவிட்டு வந்திருக்கேன். சித்தி வீட்டுக்கும் போகணும், போகாமல் போனேன்னு சொன்னால் எனக்கு நாக்கு குழறும்.

எனக்குப் பேச வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். ரேஷன் கடையில் என் முறை வந்தால்கூட, பின்னால் நிற்கிறவங்களை விட்டுத்தான் சீனி இருக்கான்னு கேட்கச் சொல்லுவேன். இன்றைக்கு பஸ்ஸில் வரும்போது இங்கே என்ன சொல்லணும்னு வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, டிக்கெட்டுக்குத்தான் திட்டுறியா?" என்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது.

ஒரே ஒரு விஷயந்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் பாஸ்கெட்பால் பைனலுக்கு உங்கள் வீட்டுக்காரர் எட்வின் சார் வரவேண்டாம். அவ்வளவுதான். சொல்லிட்டேன்.

அப்படிப் பார்க்காதீங்கக்கா. ஏன்னு சொல்றேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். நீங்க வந்து ரொம்ப நாளாச்சு, மறந்தும் போயிருக்கலாம். பைனல் ஆரம்பிக்கும் முன்னாடி பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருத்தரா வந்து கோட்டில் நின்று ஒரு பந்து போடணும். கூடையில் விழுகிற வரைக்கும் போடணும். தொப்பை வைத்தவர், கண்ணாடி போட்டவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், எல்லாரும். யாருக்கும் அழைப்பு கிடையாது. நம்ம நீலச் சட்டையை ஒரு தடவை போட்டு ஆடியிருந்தால் போதும், வந்து நிற்கலாம். நிற்கிறவர் போட்டு முடிக்காமல் நடுவர் விசில் ஊதக்கூடாது. எந்த ஊர் டீம் வந்தாலும் ஒதுங்கி நின்று பார்த்துத்தான் ஆகணும். பேர் கூப்பிடுகிறது எங்கள் வீட்டுக்காரர். மற்ற நாளில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், கத்தரிக்காய் மூட்டை ஏற்றுகிறார். அந்த ஒரு நாள்தான் அவர் தவசி. மைக் தவசி.

இந்த வருஷம் சார் பேரைக் கூப்பிட மாட்டேன்னு சொல்லிவிட்டார். கமிட்டியில் போய் எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டார். "எட்வின் வந்து கோட்டுல நின்னாலும் எனக்குக் கண்ணு தெரியாது." கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவனெல்லாம் அங்கே வந்து நின்று கை தட்டியிருக்கிறான். சார் வந்து நிற்பார், இவர் கூப்பிட மாட்டார், விசில் ஊத முடியாது, வெளியூர்க்காரன் கத்துவான், நம்ம ஆள் ஒருத்தன் நாற்காலியைத் தூக்குவான். அப்புறம் போலீசு. மைக் யார் கையில் இருந்ததோ அவனைத்தானே முதலில் பிடிப்பார்கள்? அதுக்குத்தான் சொல்றேன். சார் வீட்டிலேயே இருந்துவிட்டால் யாருக்கும் ஒண்ணும் இல்லை.

அவர் கெட்டவர் இல்லைக்கா. அவருக்குக் கோபமே வராது. யூடியூபில் சாரோட அந்தப் பேட்டி வந்த அன்றைக்குத் தட்டைத் தூக்கி எறிந்தார், அது கோபம் இல்லை, தட்டு சூடாக இருந்தது.

அந்தப் பேட்டியை ஏன்க்கா கொடுத்தார்? அந்த யூடியூப் பையன் சிரித்துச் சிரித்துக் கேட்கிறான், சாரும் மடை திறந்த மாதிரிச் சொல்லிக்கொண்டே போகிறார். கமிட்டிக்காரன் மகனுக்குத்தான் டீமில் இடம் என்கிறார். முட்டியில் ஊசியைப் போட்டுவிட்டு ஆடு ஆடுன்னு தள்ளினாங்க என்கிறார். எல்லாம் சொன்னார், சரி. ஆனால் கேலரியை ஏன் இழுத்தார்? "அந்த ஊர்க்காரங்களுக்கு நீலச் சட்டையத்தான் பிடிக்கும், சட்டைக்குள்ள இருக்கிற மனுசனப் பிடிக்காது. சட்டை கிழிஞ்சா தச்சுப் போடுவாங்க. என் முட்டி ஜவ்வு கிழிஞ்சப்ப ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கு வரல." அப்படியே சொன்னார். எனக்கு மனப்பாடம். வீட்டில் அது ஓடாத நாள் இல்லை. "பொய்யி, பொய்யி"ன்னு சொல்லிக்கொண்டே இவர் போட்டுப் போட்டுப் பார்ப்பார். அந்த ஆஸ்பத்திரி என்கிற இடம் வந்தால் மட்டும் பொய்யின்னு சொல்ல மாட்டார். செருப்பைத் தேடுவார், தண்ணி கேட்பார்.

ஆனால் அது பொய்தானேக்கா? இவர் வந்தாரே! சத்தியமாக வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். உள்ளே போகலை. "அந்தாள பந்தோட பாத்த கண்ணுடி. பாத்திரத்துல ஒண்ணுக்குப் போறத நான் எப்படிப் பாப்பேன்?"ன்னு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். பழத்தை நாங்கள்தான் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு. வாசல் வரைக்கும் வந்தால் வந்த மாதிரிதானே? அதை சாரிடம் யாரும் சொல்லலை போலிருக்கு. ஒருத்தன் வரலைன்னு அவர் சொன்னது தப்பு.

பாப்பா, அந்தப் பந்தைத் தொடாதே. மாமா வைவாங்க. தொடலாமா? சரி, தொடட்டும். அவள் கைக்கு அது பூசணிக்காய் மாதிரி இருக்கு.

ஊரே கிறுக்குப் பிடித்துக் கிடக்குதுக்கா. சலூன் ராயப்பன் அண்ணன் கடையில் அந்தப் பெரிய குரூப் போட்டோ இருக்குமே, கப்பு வாங்கின போட்டோ. அதில் சார் முகத்தை வெட்டி எடுக்கணும்னு பசங்க போய் நின்றிருக்கிறார்கள். நடுவில் கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை எப்படி வெட்டுவது? கப்பும் சேர்ந்து போகுமே. அதனால் அண்ணன் தன் சம்சாரத்தின் ஸ்டிக்கர் பொட்டில் பெரிசாகப் பார்த்து ஒண்ணை முகத்தில் ஒட்டிவிட்டார். இப்போ முடி வெட்டப் போகிறவன் ஒவ்வொருத்தனும் பொட்டை எடுத்துப் பார்க்கிறான், "துரோகி" என்கிறான், திரும்ப ஒட்டுகிறான். ஒட்டி ஒட்டிப் பசையே போய்விட்டதாம். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறாராம் அண்ணன்.

எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழுதாம். சார் கடைசி வருஷம் போட்ட ஒன்பதாம் நம்பர் சட்டை இவரிடம்தான் இருக்கு. சார் கழற்றிக் கேலரியில் எறிந்தபோது இவர் பிடித்தது. அதை ஆணியில் மாட்டியிருந்தார். பேட்டி வந்த மறுநாள் அதை எடுத்து என் மேலே எறிந்து, "இதக் கரித்துணியாக்கு" என்றார். சொன்னதைச் செய்கிறவள்தானே நான். தோசைக்கல்லைப் பிடித்தேன், அடுப்பு மேடையைத் துடைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தார். ஒன்பது மேலே கரி. அப்படியே நின்றார். "எதுலடி துடைச்ச?" "நீங்கதான சொன்னீங்க." "சொன்னா செஞ்சிருவியா? நான் சொன்னத எல்லாம் செய்யிறியா நீ? மோட்டார் போடச் சொன்னேன், போட்டியா?" அன்றைக்கு அவர் சாப்பிடலை. நான் சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடியும் ஆணியில் மாட்டினேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டச் சொன்னார். நம்பர் தெரியக்கூடாதாம். திருப்பி மாட்டினால் மட்டும் தெரியாதா? கண்ணாடியில் தெரிகிற மாதிரித் தெரியுது.

எனக்கு ஆட்டத்தைப் பற்றி ஒண்ணும் தெரியாதுக்கா. சார் இடது கையில் தட்டிக்கொண்டு வந்து, போகிற மாதிரி போகாமல் நின்று, எதிராளி தாண்டிப் போனதுக்கு அப்புறம் போடுவாரே, அதை மட்டும் பார்ப்பேன். இப்போ இருக்கிற பசங்களுக்கு அந்த நிற்கிறது வரலை. ஓடுறாங்க. ஓடுறதுக்கு எதுக்கு ஆட்டம்?

ஆனால் ஒண்ணு கேட்கணும். கேட்காமல் போனால் எனக்கு மனசு ஆறாது. பேட்டியில் சார் எங்களைப் பற்றியும் சொன்னாரே, பொம்பளைகளைப் பற்றி. "அவ்வளவு பெரிய மைதானத்துல பொம்பளைங்க உக்கார ஒரு இடம் கிடையாது, ரைஸ்மில் மாடியில ஏறி நின்னு பாக்குறாங்க, வெக்கமா இல்லையா?" என்று. அவருக்கு யாருக்கா சொன்னது, எங்களுக்கு இடம் இல்லைன்னு? நீங்களா சொன்னீங்க? நீங்களும் ஒரு தடவை அந்த மாடிக்கு வந்தீங்க. மஞ்சள் சேலை. கல்யாணமாகிப் புதுசு. தண்ணித்தொட்டிப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா"ன்னு கேட்டீங்க. எனக்கு நினைவிருக்கு.

நாங்கள் அங்கே ராணி மாதிரி உட்கார்ந்து பார்க்கிறோம்க்கா. என்ன குறை? வெளிச்சம் இருக்கும்போதே ஏறிடணும், இருட்டினால் அந்த இரும்பு ஏணி வழுக்கும். பாப்பா வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாசத்திலேயே ஏறினேன், ஒண்ணும் ஆகலை. ஏறிட்டால் ஆட்டம் முடிகிற வரைக்கும் இறங்க முடியாது. ஏணிக்குக் கீழே ஆம்பளைங்க பீடி பிடித்துக்கொண்டு நிற்பாங்க, அவங்களைத் தாண்டி எப்படிப் போவது? அதனால் மதியத்துக்கு மேல் நாங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். பழகிவிட்டது. போன வருஷம் பாண்டியம்மாவுக்குத் தலை சுற்றி விழப் பார்த்தது, தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடிச் சுவர் கிடையாது இல்லையா. அதைப் போய் இடம் இல்லைன்னு சொன்னால்? ஊர் மானம் என்ன ஆகுறது? இவருக்கு அதில்தான் ரொம்பக் கோபம். "நம்ம வீட்டுப் பொம்பளைகள நடுவுல இழுக்குறான் பாரு" என்றார். நானும் ஆமா என்றேன். ஆமான்னுதான் சொன்னேன். அன்றைக்கு நான் அதை இவருக்குத் தெரியாமல் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அந்த இடத்தை மட்டும். சார் எங்களைப் பார்த்திருக்கிறார்க்கா. கீழே அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் ஆடுகிறவர், தலையைத் தூக்கி மாடியைப் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் இத்தனை வருஷமா மைக் பிடிக்கிறார், "கேலரி நண்பர்களே" என்பார், "வெளியூர் விருந்தினர்களே" என்பார். மாடியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னது இல்லை. எதுக்குச் சொல்லணும், நாங்கதான் வீட்டுக்காரங்களாச்சே.

சரி. நேரமாகுது. சொல்லிடுங்கக்கா சாரிடம். வரவேண்டாம்னு. பக்குவமாகச் சொல்லுங்க.

என்னது?

வரலையா? அவரே வரமாட்டேன்னு சொல்லிட்டாரா?

எப்போ சொன்னார்? பேட்டிக்கு முன்னாடியேவா? அந்த ஊர் மண்ணையே மிதிக்க மாட்டேன்னா? ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரூருக்கு ஆடப் போகிறாரா?

அப்போ சரி. நல்லதாப் போச்சு. நான் வந்த வேலை முடிந்தது. வர்றேன்க்கா. பாப்பா, பந்தைக் கொடுத்துட்டு வா.

இல்லக்கா. எனக்குப் புரியலை. மண்ணை மிதிக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? நாங்க என்ன பண்ணினோம்? ஒன்பதாம் நம்பர் காலை வைத்தால் போதும்னு மழையில் நனைந்த தரையைச் சாக்குப் போட்டுத் துடைத்தது யார்? எங்கள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது சாரைத்தான் முதலில். வந்தார், ஒரு வாய் சாப்பிட்டார், பந்தியில் இருந்தவன் எல்லாம் எழுந்து நின்றுவிட்டான், எங்கள் அப்பாவுக்கே அப்படி நிற்கலை. அவர் பேசுவார், பேசிவிட்டு ஓரமாகப் போய் இருந்துகொள்வாரா? பேசினவர் வந்து நிற்க வேண்டாமா? திட்டினால் வாங்கிக்கொண்டு, இவரும் நாலு திட்டு திட்டி, அப்படித்தானே முடியும்? இப்படி ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் திட்டிக்கொண்டு இருந்தால் எப்போ முடியும்? வீட்டில் நான்க்கா இருக்கேன், இவர்கூட. நீங்க இல்லை.

அழலை. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

இவர் என்ன பண்றார் தெரியுமாக்கா? ஒரு வாரத்துக்கு முன்னாடியிருந்தே பேர் கூப்பிட்டுப் பழகுவார். வருஷா வருஷம் அப்படித்தான். குளிக்கும்போது, வண்டி துடைக்கும்போது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வசனம் வைத்திருப்பார். சாருக்குத்தான் நீளம். "வலப்பக்கம் பாத்தா இடப்பக்கம் இருப்பான், இடப்பக்கம் பாத்தா ரிங்குக்கு மேல இருப்பான், நம்ம ஊரு தண்ணி, நம்ம ஊரு காத்து, ஒன்பதாம் நம்பர்..." அப்புறம் பேரை இழுப்பார், ஊர்க்கோடி வரைக்கும் கேட்கும். இந்த வருஷம் சார் பேரை விட்டுவிட்டுத்தானே சொல்லணும்? முன்னாடி இருக்கிற ஆளைச் சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டு நிற்பார். மூச்சு வாங்குகிற மாதிரி. அடுத்த ஆளுக்கு உடனே போக மாட்டார். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வசனம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் சும்மா நிற்பார்க்கா. குழாயில் தண்ணி மட்டும் விழுந்துகொண்டிருக்கும். அப்புறம்தான் அடுத்த பேர். நேற்று அந்த இடத்தில் நின்றவர் நின்றவர்தான். அடுத்த பேர் வரவே இல்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன். "போடி"ன்னு கத்தினார்.

சார் வரணும்க்கா.

ஆமா, அதைத்தான் சொன்னேன், வரவேண்டாம்னுதான் சொன்னேன். இப்போ வரணும்னு சொல்றேன். வந்து கோட்டில் நிற்கட்டும். கேலரி ஊளையிடட்டும். மைக் பேசாமல் இருக்கட்டும், எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கும்? அந்த வாய் எனக்குத் தெரியும். சும்மா இருக்காது. சார் கண் முன்னாடி நின்றால் அவரால் முடியாது. நாற்காலி பறந்தால் பறக்கட்டும். போலீஸ் வந்தால் வரட்டும், நான் போய்க் கூட்டிக்கொண்டு வர்றேன். கரூர் அடுத்த வருஷமும் அங்கேயேதானே இருக்கும்?

நீங்க சொன்னால் கேட்க மாட்டாரா? அப்படிச் சொல்லாதீங்க.

வண்டிச் சத்தமா அது? சாரா? ஐயையோ. இந்நேரத்துக்கு வரமாட்டார்னு சொன்னீங்களே! பாப்பா, வா, வா. பின்வாசல் இருக்காக்கா? நான் இப்படியே போயிடுறேன். நான் வந்தேன்னு சொல்லாதீங்க. யாரோ ஒரு பொம்பளை வழி கேட்க வந்தாள்னு சொல்லிடுங்க. என் செருப்பு. ஐயோ, செருப்பு முன்னாடி கிடக்கு.

கேட்டைத் திறக்கிறார். கால் இன்னும் இழுக்குதே. ஏன்க்கா, அந்தக் கால் இன்னுமா சரியாகலை? எங்களிடம் யாருமே சொல்லலையே.

இருங்கக்கா. கையை விடுங்க. நான் பின்வாசல் வழியாகப் போகலை. பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க.

சார், வணக்கம். நான் நாகஜோதி. ஆவாரங்குளம். இல்லை சார், உட்காரலை, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்க அன்றைக்குப் பேட்டியில் பேசினீங்களே, அதில் மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது. சட்டைக்குள்ளே இருக்கிற மனுசனை எங்களுக்குப் பிடிக்காதுன்னு சொன்னீங்க.

அது பொய் சார்.